கணக்குக் கேட்ட வணிகர்



பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பில் சரித்திர பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். காங்கிரஸ் மகாசபையின் தொடக்க காலம் அன்றைய பாடம். தாதாபாய் நௌரோஜி என்ற பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். அதன் கீழே 1825, 1892, 1917 என்று மூன்று ஆண்டுகளையும் எழுதி, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த தலைவரிடம் போக இருந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவருடைய மகன். "ஐயா, அவர் சீமைக்கு வியாபாரம் செய்யப் போனவர் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே. கடை வைக்கப் போனவர் எப்படி ஐயா நமக்குத் தலைவரானார்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் ஏதோ சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டேன்.

அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அந்நாளில் நான் சரித்திரத்துடன் கணக்கும் சொல்லிக் கொடுத்து வந்தேன். அன்று மாலையே நூலகத்தில் தாதாபாயின் எழுத்துகளைத் தேடி எடுத்தேன். படிக்கப் படிக்க, அந்தப் பையன் சரியான கதவைத்தான் தட்டியிருக்கிறான் என்று தெரிந்தது. அவனுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

தாதாபாய் 1825-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பிறந்தார். ஏழைப் பார்ஸிப் புரோகிதர் குடும்பம். நான்கு வயதில் தந்தையை இழந்தார். எழுதப் படிக்கத் தெரியாத தாயார் மானெக்பாய், உறவினர்கள் சொன்னதற்கெல்லாம் இசையாமல் மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். அக்காலத்தில் பம்பாயில் அந்தப் பள்ளியில் சம்பளம் வாங்குவதில்லை. சம்பளம் கேட்டிருந்தால் தாதாபாய் படித்திருக்க முடியாது. ஏழை மக்கள் கொடுத்த பணத்தில்தான் தாம் படித்தோம், அதைத் திருப்பிக் கொடுக்கத் தாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். அவருடைய வாழ்க்கைப் பேரேட்டில் முதல் பற்று அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் அவருடைய திறமையைக் கண்ட சர் எர்ஸ்கின் பெர்ரி என்ற ஆங்கில நீதிபதி, இந்த இளைஞரைப் பாரிஸ்டர் படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பலாம், செலவில் பாதியைத் தாமே தருவதாகச் சொன்னார். மறு பாதியைப் பார்ஸி சமூகப் பெரியவர்கள் தரவேண்டும். அங்கே போனால் பையனை மதம் மாற்றிவிடுவார்களோ என்று அஞ்சிப் பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். தாதாபாய் அதே கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். கணிதத்திற்கும் இயற்கைத் தத்துவத்திற்கும் பேராசிரியராக உயர்ந்தார். அக்கல்லூரியில் அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பெண்கள் படிப்பதைப் பாவமென்று கருதிய காலத்தில், 1849-இல், நண்பர்களுடன் சேர்ந்து பெண்களுக்குப் பள்ளிகள் தொடங்கினார். 1851-இல் 'ராஸ்த் கோப்தார்' என்ற குஜராத்திப் பத்திரிகையை நிறுவினார்.

இப்படிப்பட்டவர் 1855-இல் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு வியாபாரத்துக்குப் போனார். காமா குடும்பத்தார் இங்கிலாந்தில் ஒரு வர்த்தக நிறுவனம் தொடங்கினார்கள். பிரிட்டனில் நிறுவப்பட்ட முதல் இந்திய வர்த்தக நிறுவனம் அது. அதில் ஒரு கூட்டாளியாகத் தாதாபாய் கப்பல் ஏறினார். மாணவராக அனுப்ப மறுத்த நாட்டுக்கு வணிகராகப் போய்ச் சேர்ந்தார். லிவர்பூல் துறைமுகம் அவருடைய களமாயிற்று.

அங்கே நடந்த ஒரு செய்தியில் சிறிது நிற்க விரும்புகிறேன். காமா நிறுவனத்திற்கு அபின், மதுவகைகள் ஆகியவற்றின் வியாபாரத்திலும் தரகு வருமானம் இருந்தது. அக்காலத்தில் அது சட்டத்திற்கு விரோதமானதன்று. பம்பாயின் பெருஞ்செல்வர் பலர் சீனத்து அபின் வியாபாரத்தில்தான் வளர்ந்தவர்கள். அந்த வருமானத்தில் பங்கு பெறத் தமக்கு மனம் இல்லை என்று தாதாபாய் கூட்டாளிகளிடம் சொன்னார். அவர்கள் இசையவில்லை. 1858-இல் விலகிக்கொண்டார். மறு ஆண்டு 'தாதாபாய் நௌரோஜி அண்டு கம்பெனி' என்ற பெயரில் தாமே பருத்தி வியாபாரம் தொடங்கினார். அதனோடு, லண்டன் யுனிவர்சிடி காலேஜில் குஜராத்தி மொழிப் பேராசிரியராகவும் இருந்தார்.

பருத்திக்கு அப்போது வந்த வாழ்வும் வீழ்ச்சியும் நீங்கள் சரித்திரத்தில் படித்திருப்பீர்கள். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது தடைப்பட்டது. பம்பாய்ப் பருத்தியின் விலை வானத்தைத் தொட்டது. 1865-இல் போர் முடிந்தது, விலை சரிந்தது, பம்பாயில் பங்குச் சூதாட்டம் ஆடியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1866-இல் லண்டனிலும் ஒரு பெரிய நிதி நிறுவனம் முறிந்து, பண நெருக்கடி ஏற்பட்டது. தாதாபாயின் நிறுவனமும் அந்தச் சுழலில் அகப்பட்டுச் சாய்ந்தது. பணம் போயிற்று, நாணயம் போகவில்லை. அவரால் மீண்டும் வியாபாரத்தில் இறங்க முடிந்தது.

இனி அந்த மளிகைக் கடைப் பையனுடைய கேள்விக்கு வருகிறேன். ஒரு வணிகன் சரக்கை அயலூருக்கு அனுப்பினால், என்ன எதிர்பார்ப்பான்? அனுப்பிய சரக்கின் விலையும், அதற்கு மேல் லாபமும் திரும்பி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பான். ஒரு நாட்டின் வர்த்தகமும் அப்படித்தான். ஏற்றுமதி நூறு ரூபாய் என்றால், இறக்குமதியாகவோ பொன் வெள்ளியாகவோ நூறுக்கு மேலே திரும்பி வரவேண்டும். லிவர்பூலில் சரக்குப் பட்டியல்களைப் பார்த்துப் பழகிய கண்களால் தாதாபாய் இந்தியாவின் வர்த்தகக் கணக்கைப் பார்த்தார். அங்கே கணக்கு தலைகீழாக இருந்தது. ஆண்டுதோறும் நாட்டை விட்டுப் போவது அதிகம், வருவது குறைவு. லாபம் இருக்கட்டும், முதலே திரும்பவில்லை. எந்தக் கடைக்காரனும் இதைப் பார்த்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பான்: மிச்சம் எங்கே?

மிச்சம் எங்கே போயிற்று என்று தாதாபாய் தேடினார். இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கில அதிகாரிகள் தாய்நாட்டுக்கு அனுப்பிய சேமிப்பு, ஓய்வு பெற்றபின் அங்கே அவர்கள் வாங்கிய பென்ஷன், லண்டனில் இந்தியா மந்திரியின் அலுவலகத்துக்கான செலவு, இந்தியாவின் தலையில் ஏற்றப்பட்ட கடனுக்கு வட்டி, எல்லைக்கு அப்பால் நடந்த யுத்தங்களின் செலவு என்று அது பல வழிகளில் போயிற்று. முன்னாளில் கொடுங்கோல் மன்னன் வரி வாங்கினாலும், அதை அவன் இந்த மண்ணிலேயே செலவிட்டான். தச்சனுக்கும் நெசவாளிக்கும் அதில் ஒரு பங்கு திரும்பிற்று. இப்போது வாங்கிய வரியில் ஒரு பகுதி ஊரைவிட்டே போய்விடுகிறது. ஏரியின் மதகு வழியே நீர் பாய்ந்தால் வயல் விளையும். கரை உடைந்து வெளியேறினால் என்ன விளையும்? 1867-இல் லண்டனில், தாமே முன்னின்று தொடங்கிய கிழக்கிந்தியச் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். இந்தியாவில் திரட்டும் வருவாயில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இங்கிலாந்துக்குப் போய்ச் சேருகிறது என்று அதில் சொன்னார். 'செல்வ வடிகால்' என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற கொள்கைக்கு அதுவே தோற்றுவாய்.

கேட்ட ஆங்கிலேயர் சிலர், இந்தியா செழித்துவருகிறது என்றனர். செழிப்பா, வறுமையா என்பதை வாதத்தால் எப்படித் தீர்ப்பது? கணக்குப் போட்டுத்தான் தீர்க்கவேண்டும். அதுவரை இந்தியரின் சராசரி வருமானம் என்ன என்று ஒருவரும் முறையாகக் கணக்கிட்டதில்லை. தாதாபாய் சர்க்காரின் சொந்த அறிக்கைகளையே எடுத்துக்கொண்டார். மாகாணம் மாகாணமாக, எந்தப் பயிர் எத்தனை ஏக்கர், ஏக்கருக்கு விளைவு என்ன, விலை என்ன என்று பெருக்கினார். உப்பு, நிலக்கரி, கைத்தொழில் முதலியவற்றையும் சேர்த்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் மொத்த ஆண்டு வருமானம் ஏறக்குறைய 34 கோடி பவுன் என்று கண்டார். மக்கள் தொகை 17 கோடி. வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 2 பவுன்; அன்றைய மாற்று விகிதத்தில் 20 ரூபாய். இது 1867 முதல் 1870 வரையுள்ள காலத்தின் கணக்கு.

கணக்கு ஆசிரியனாகிய எனக்கு இதைவிடச் சுவையான பகுதி ஒன்று அதில் உண்டு. அதிகாரிகள் சராசரி கண்ட முறையே தவறு என்று தாதாபாய் காட்டினார். நம் ஊர் உதாரணம் ஒன்றால் விளக்குகிறேன். ஒரு கிராமத்தில் ஆற்றுப்பாசன நிலம் 10 ஏக்கர். ஏக்கருக்கு 20 மூட்டை விளைகிறது. மானாவாரி நிலம் 90 ஏக்கர்; ஏக்கருக்கு 5 மூட்டை. சராசரி என்ன? இருபதையும் ஐந்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, பன்னிரண்டரை மூட்டை என்று எழுதுவது அதிகாரியின் கணக்கு. மொத்த விளைவாகிய 650 மூட்டையை 100 ஏக்கரால் வகுத்தால் ஆறரை மூட்டைதான் வரும். காகிதத்தில் கிராமம் இருமடங்கு செழித்துவிட்டது. குதிரில் நெல் இல்லை! இந்தப் பிழையை என் மாணவர்கள் பரீட்சையில் செய்தால் மதிப்பெண் குறையும். ஆட்சியாளர் செய்தபோது என்ன குறைந்தது என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

இருபது ரூபாய் என்பது போதுமா, போதாதா? அதற்கும் அவர் ஓர் அளவுகோல் தேடினார். கூலி வேலைக்குக் கடல் கடந்து போகிறவர்களுக்குக் கப்பலில் கொடுக்கவேண்டிய உணவு இவ்வளவு என்று சர்க்கார் மருத்துவ அதிகாரி ஒருவர் அளவு வகுத்திருந்தார். சிறைக் கைதிக்கு ஆகும் உணவு, உடைச் செலவும் அறிக்கைகளில் இருந்தது. இவற்றைக் கொண்டு, உயிர் வாழ மட்டும் ஒருவருக்கு ஆண்டுக்கு 16 ரூபாயிலிருந்து 35 ரூபாய் வரை, இடத்துக்குத் தக்கவாறு, வேண்டும் என்று கணக்கிட்டார். பல மாகாணங்களில் குற்றம் செய்து சிறையில் இருப்பவனுக்குக் கிடைக்கும் சோறு, குற்றம் செய்யாத உழவனுக்குக் கிடைக்கவில்லை என்பது இதிலிருந்து வெளிப்பட்டது. வறுமைக்கோடு என்று இன்று பொருளாதார வகுப்பில் படிக்கிறீர்களே, நம் நாட்டில் அதற்கு முதற்கோடு கிழித்தவர் இவர்தான். 1876-இல் பம்பாயில் இக்கணக்கை வாசித்தார்.

இடையே பரோடா சமஸ்தானத்தில் 1874-இல் திவானாக இருந்தார். ஒழுங்கற்ற அரசர் ஒரு பக்கம், தலையிடும் பிரிட்டிஷ் ரெஸிடெண்டு ஒரு பக்கம், ஓராண்டிலேயே விலகினார்.

1885-இல் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை பிறந்தபோது தாதாபாய் அங்கே இருந்தார். அந்த முதல் மாநாட்டில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர், 'ஹிந்து' பத்திரிகையை நிறுவியவர்களுள் ஒருவரான நம் ஜி. சுப்பிரமணிய ஐயர். இவர் பெயரை மறந்துவிடாதீர்கள், மீண்டும் வருவார். ஆனால், இந்தியாவின் வரவுசெலவை முடிவுகட்டும் இடம் பம்பாயும் அன்று, கல்கத்தாவும் அன்று, லண்டன் பார்லிமெண்டு. முதலாளியிடம் கணக்குக் கேட்கவேண்டுமானால் முதலாளியின் கடைக்குள்தானே போகவேண்டும்? அறுபதாவது வயதில் தாதாபாய் அதற்குத் துணிந்தார். 1886-இல் ஹோல்பர்ன் தொகுதியில் லிபரல் கட்சி அபேட்சகராக நின்று தோற்றார்.

அந்தத் தோல்வியைப் பற்றி 1888-இல் எடின்பரோவில் பேசிய பிரதம மந்திரி சாலிஸ்பரி பிரபு, ஒரு கறுப்பு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஆங்கில வாக்காளர்கள் இன்னும் வந்துவிடவில்லை என்ற கருத்துப்பட இகழ்ந்து பேசினார். இங்கிலாந்திலேயே பலர் இதைக் கேட்டு வெட்கினர். சாலிஸ்பரியைவிடத் தாதாபாய்தான் நிறத்தில் வெளுப்பு என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தக் கேலி எனக்கு உவப்பில்லை. நிறம் கறுப்பாக இருந்திருந்தால் மட்டும் அந்தச் சொல் நியாயமாகிவிடுமா? எப்படியோ, அதுவரை பெயர் தெரியாதிருந்த அபேட்சகரை நாடெங்கும் தெரியச் செய்தவர் அந்தப் பிரதம மந்திரிதான்.

அடுத்து அவர் நின்ற தொகுதி மத்திய பின்ஸ்பரி. கிளார்க்கன்வெல் பகுதியின் கடிகாரத் தொழிலாளரும் நகைத் தொழிலாளரும் சிறு கடைக்காரரும் நிறைந்த இடம். கட்சிக்குள்ளேயே அவரை எதிர்த்தவர்கள் இருந்தனர். தாதாபாய் சளைக்காமல் தெருத் தெருவாக நடந்தார். செவிலியர் பணிக்கு இலக்கணம் வகுத்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அவருக்கு ஆதரவாக எழுதினார். 1892 தேர்தலில் அவர் ஏறக்குறைய 2,960 வாக்குகள் பெற்று வென்றார். எதிரியைவிட அதிகமாகப் பெற்ற வாக்குகளை ஒரு கையின் விரல்களுக்குள் எண்ணிவிடலாம். நௌரோஜி என்ற பெயர் நாவில் நுழையாத ஆங்கிலேயர்கள் அவரை 'நாரோ மெஜாரிட்டி' என்று அழைத்து மகிழ்ந்தார்கள். குறுகிய பெரும்பான்மை என்று பொருள். அந்நாளில் பார்லிமெண்டு உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. 1911-இல்தான் அது வந்தது. வியாபாரத்தில் சேர்த்த பொருள்தான் கைகொடுத்தது.

காமன்ஸ் சபையில் அவர் பெற்ற பெரிய வெற்றி 1893 ஜூன் 2-ஆம் நாள் கிடைத்தது. இந்திய சிவில் சர்வீஸ் பரீட்சையை லண்டனில் மட்டுமே நடத்துவதால், கப்பல் செலவுக்கு வழியில்லாத இந்திய இளைஞர்கள் உயர் பதவிகளை அடைய முடியவில்லை. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே சமயத்தில் பரீட்சை நடத்தவேண்டும் என்று ஹெர்பெர்ட் பால் என்ற உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்தார், தாதாபாய் வழிமொழிந்தார். 84-க்கு 76 என்ற வாக்கில் அது நிறைவேறியது. அந்த ஆண்டில்தான் தாதாபாயின் ஒரே மகன் அர்தேஷிர் இந்தியாவில் மறைந்தார். புத்திர சோகத்தோடு ஆண்டின் இறுதியில் தாயகம் வந்து, லாகூர்க் காங்கிரசில் தலைமை வகித்தார். அடுத்த ஆண்டு, நேட்டாலில் இந்தியர்களுக்கு நேர்ந்த இன்னல்களைப் பற்றி மோகன்தாஸ் காந்தி என்ற இளம் பாரிஸ்டர் அவருக்குக் கடிதங்கள் எழுதலானார். அந்த இந்தியர்களுள் தமிழ்நாட்டுக் கரும்புத் தோட்டக் கூலிகள் மிகப் பலர்.

1895 தேர்தலில் தாதாபாய் தோற்றார். ஆனால், அவர் ஓயாமல் வற்புறுத்தியதன் பயனாக, இந்தியாவின் செலவுகளை ஆராய வெல்பி கமிஷன் என்ற அரச ஆணைக்குழு அமைந்தது. அவரும் அதில் ஓர் உறுப்பினர். 1897-இல் அதன் முன் சாட்சியம் அளிக்க இந்தியாவிலிருந்து கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோருடன் ஜி. சுப்பிரமணிய ஐயரும் லண்டன் சென்றார். தாதாபாய் தாமும் சாட்சியாக நின்று, மற்ற உறுப்பினர்களின் குறுக்குக் கேள்விகளுக்கு விடை சொன்னார்.

அவரிடம் ஒரு குறை கண்டவர்கள் அக்காலத்திலேயே உண்டு. கணக்கைச் சரியாகக் காட்டிவிட்டால் ஆங்கிலேயர் வெட்கி நீதி செய்வர் என்று அவர் நெடுங்காலம் நம்பினார். இந்தியாவில் நடப்பது பிரிட்டிஷ் பண்புக்கே ஒவ்வாத ஆட்சி என்ற கருத்தில்தான் 1901-இல் வெளியிட்ட நூலுக்கே பெயர் வைத்தார். கடன்பட்டவன் கணக்கை ஒத்துக்கொண்டாலும் பணத்தைத் தந்துவிடுவானா? கடைத்தெருவில் வளர்ந்த அவனுக்கு இது நன்றாகத் தெரியும். தாதாபாய்க்குத் தெரிந்துகொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது. வடிகாலின் அளவைப் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆயினும், கணக்கேட்டைத் திறந்து காட்டு என்று கேட்டவர் அவர் என்பதில் வாதம் இல்லை.

1906-இல், தமது 81-ஆம் வயதில், கல்கத்தாக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கக் கடல் கடந்து வந்தார். நம் பாரதியார் சென்னையிலிருந்து போய்க் கலந்துகொண்ட மாநாடு அது. முதுமையால் குரல் எழாமையால், தலைமையுரையைக் கோகலே படித்தார். ஐக்கிய ராஜ்யத்தைப் போலவோ குடியேற்ற நாடுகளைப் போலவோ சுயாட்சி, ஒரே சொல்லில் சுயராஜ்யம், வேண்டும் என்று அந்த உரை கேட்டது. பின்னர், வெர்ஸோவா கடற்கரையில் அமைதியாக வாழ்ந்து, 1917 ஜூன் 30-ஆம் நாள் மறைந்தார். அவரை அனுப்பிவைத்த பின்ஸ்பரிப் பகுதியில் ஒரு தெருவுக்கு நௌரோஜி தெரு என்று பெயர்.

அந்த 1893-ஆம் ஆண்டுத் தீர்மானம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். காமன்ஸ் சபை நிறைவேற்றியதை இந்தியா மந்திரி மாகாண சர்க்கார்களின் கருத்துக்கு அனுப்பினார். சென்னை சர்க்கார் ஒன்றுதான் ஆதரித்தது, மற்றவையெல்லாம் எதிர்த்தன. தீர்மானம் கட்டி வைக்கப்பட்டது. இந்தியாவில் அந்தப் பரீட்சை முதன்முதலில் 1922-இல் அலகாபாத்தில் நடந்தது. தாதாபாய் இறந்து அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.